அரங்கின் மூன்றாம் வாயில்

நாடக அரங்கின் அளவை இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையுள் வரையறுத்துள்ளார். நீளம் 8 கோல், அகலம் 7 கோல், உயரம் ஒரு கோல், வாயில் இரண்டு. கோல் என்பது பெருவிரல் 24 கொண்ட அளவு. கற்பார் பலரும் அவ்வுயரத்தைச் சிறிதென்றே கருதிக் கடந்து செல்வர். சக்கர நாற்காலியில் வருவானொருவனுக்கோ அவ்வொரு கோல் பொதியமலையை ஒக்கும்.

என் பள்ளித் தோழனொருவன் பிறவியிலேயே கால் வலியிழந்தவன்; குரலோ வெண்கலம். ஆண்டு விழா நாடகத்தில் அரசன் வேடத்திற்கு அவனே தக்கான் என யாவரும் ஒப்பினோம். மேடைக்குப் படிகள் இருந்தன, சாய்வழி இல்லை. முடிவில் வேடம் வேறொருவனைச் சேர்ந்தது. அவன் கீழே அமர்ந்து கைதட்டினான். அன்று என்னுள் எழுந்த வினாவே இக்கட்டுரைக்கு வித்து. நடிக்க வல்லான் ஒருவன் அரங்கிற்கு வர இயலானாயின், அரங்கு அவனிடம் செல்லுதல் கூடுமோ?

கூடும் என்பதற்கு நம் நாட்டு வழக்கே சான்று. தோற்பாவைக் கூத்தில் கலைஞன் திரைக்குப் பின்னே மறைந்திருந்து, தன் குரலாலும் கையாலும் பல பாத்திரங்களை இயக்குகின்றான். வானொலி நாடகத்தில் நடிகன் தோன்றுவதே இல்லை. எனினும் அவர்தம் அழுகை நம் கண்ணை நனைக்கின்றது.

இந்நாளில் இணையம் அவ்வழியை மேலும் அகலமாக்கியுள்ளது. இங்கிலாந்தில் 1980 இல் தோன்றிய கிரேயே நாடகக் குழு மாற்றுத்திறனாளிக் கலைஞரையே முதன்மையாகக் கொண்டது. பெருந்தொற்றால் அரங்குகள் அடைபட்ட 2020 இல், அன்னார் எழுதி நடித்த குறுநாடகங்களை அக்குழு இணையவழி வெளியிட்டது. ஜப்பானியத் தலைநகராம் டோக்கியோவில் 2021 இல் நிலையாகத் திறக்கப்பெற்ற சிற்றுண்டிச்சாலை ஒன்றில், ஒரிஹிமே என்னும் ரோபோக்கள் விருந்தினரை உபசரிக்கின்றன. அவற்றை இயக்கிப் பேசுவோருள் படுக்கை விட்டு எழ இயலாதாரும் உளர். ரோபோவிலுள்ள கேமராவால் அவர் காண்பர், ஒலிவாங்கியால் கேட்பர், கையசைக்க இயலாதார் விழியசைவாற் கணினியை இயக்குவர். உணவகத்தில் ஆவது நாடக மேடையில் ஆகாதோ?

இம்முறைக்குக் குறையும் உண்டு. இணையத்தின் வழி வரும் ஒலி சிறிது தாழ்ந்தே வந்து சேரும். 150 மில்லி விநாடிக்கு உட்பட்ட தாழ்வு உரையாடலைப் பெரிதும் கெடுக்காது. இருவர் ஒரு தாளத்திற் சேர்ந்து பாடுங்காலோ அதனினும் சிறிய தாழ்வே தாளத்தைத் தப்பச் செய்யும். ஆதலின் இத்தகைய நாடகம் எழுதுவோர் சேர்ந்திசையைக் குறைத்து, வினாவும் விடையுமாகக் காட்சிகளை அமைத்தல் நலம்.

யான் பெரிதும் அஞ்சுவது பிறிதொன்று. எம் ஊராகிய சேரன்மகாதேவியில் வ. வே. சு. ஐயர் 1922 இல் தொடங்கிய குருகுலத்தைத் தமிழர் அறிவர். அந்தணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவளித்தமை பற்றி அங்கெழுந்த பூசல் 1925 இல் நாடெங்கும் பரவியது. உணவு யாவர்க்கும் கிடைத்தது, பந்திதான் ஒன்றாகவில்லை. இணையமும் அவ்வாறே ஒரு தனிப்பந்தி ஆகிவிடுதல் கூடும். "வீட்டிலிருந்தே நடிக்கலாமே, சாய்வழி எதற்கு?" என்பார் நாளை எழுவர். வர இயலாதவனுக்கு அவ்வழி அருங்கொடை. வர விழைபவனுக்கோ அது கதவடைப்பு. இரண்டனுள் எது வேண்டுமெனத் தெரிந்துகொள்ளும் உரிமை நடிகனுடையது. ஐக்கிய நாடுகள் அவை 2006 இல் ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 30 ஆம் உறுப்பு, அவர்தம் கலைத்திறன் அவர் நலத்திற்கேயன்றிச் சமுதாய வளத்திற்கும் உரியது என்னும் கருத்தினது. இந்தியாவும் 2007 இல் அதனை உறுதிசெய்துள்ளது.

பாளையங்கோட்டையில் 1890 இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குக் கல்வி வாயிலைத் திறந்த மாவட்டம் நம்முடையது. கலை வாயிலையும் நாமே திறத்தல் தகும். ஓரலகு உயரத்திற்குப் பன்னிரண்டலகு நீளம் என்பது சாய்வழிக்குரிய கணக்கு. எனவே இளங்கோவடிகளின் மேடைக்கு 12 கோல் சாய்வழி வேண்டும். மேடையினும் வழி நீண்டதாயிற்றே என மலைக்கற்க; நடுவே திருப்பி அமைப்பின் இடம் சுருங்கும். அடுத்த ஆண்டு விழாவிற்கு முதலில் அதனை அமைப்போம். பின்னர் வெண்திரையும் ஒலிவாங்கியும் கொணர்வோம். மூன்றாம் வாயில் திறக்கட்டும். முன்னைய இரண்டும் அடைபடாதிருக்கட்டும்.