எது ஆண் வேலை, எது பெண் வேலை?

இடம்பெயர்ந்திருந்த காலம் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியதும் வீட்டைத் திருத்துவது, பிள்ளைகளை மீண்டும் பாடசாலையில் சேர்ப்பது, வருமானத்துக்கு வழி தேடுவது எனப் பல அலுவல்கள் காத்திருக்கும். யார் என்ன தொழில் செய்வது என்று குடும்பமாக முடிவெடுக்க வேண்டிய நேரமும் இதுவே. அதற்கு இந்தப் பாடம் உதவும்.

தோட்டத்தில் வேலை எப்படிப் பிரிந்தது?

கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை, கவ்வாத்து வெட்டுவதும் மருந்து அடிப்பதும் ஆண்களின் வேலை என்பது நெடுநாள் வழக்கம். முன்பு ஒரு நாள் வேலைக்குப் பெண்களுக்குக் குறைந்த சம்பளமே கிடைத்தது. 1984ஆம் ஆண்டில்தான் இருவரின் நாட்சம்பளமும் சமமாக்கப்பட்டது.

சம்பளம் சமமானாலும் வேலைப் பிரிவு அவ்வளவாக மாறவில்லை. கவ்வாத்து வெட்டுபவர் தமக்குரிய அளவை முடித்துவிட்டால் நேரத்தோடு வீடு திரும்பலாம். கொழுந்தெடுப்பவர் மாலை நிறுவை முடியும்வரை மலையில் நிற்க வேண்டும். பிறகு சமையல், தண்ணீர், பிள்ளைகள் என வீட்டு வேலை தொடங்கும். கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களை மேற்பார்க்கும் கங்காணிகளில் பெரும்பாலோர் ஆண்கள்.

இந்தப் பிரிவுக்கு உடல்பலம்தான் காரணமா? இறப்பர் மலையைப் பாருங்கள். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் ஆண்களும் பால் வெட்டுகிறார்கள், பெண்களும் வெட்டுகிறார்கள். இருவர் கையிலும் ஒரே கத்திதான். மரம் காயப்படாமல் பட்டையைச் சீவும் பழக்கமே அதற்கு வேண்டும். பழகினால் அது யாருக்கும் வரும். மற்றத் தொழில்களும் அப்படியே.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, ஆண் பெண் என்ற காரணத்தால் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. சட்டத்துக்கு உட்பட்ட எந்தத் தொழிலையும் செய்யும் சுதந்திரத்தை 14ஆம் உறுப்புரை தருகிறது.

பிள்ளைகளின் எதிர்காலம்

கையில் பணம் குறைந்தால் மகளின் படிப்பை நிறுத்தி மகனை மட்டும் படிக்க வைக்கும் வழக்கம் உண்டு. யாருக்குப் படிப்பில் விருப்பமும் திறமையும் உள்ளன என்பதைப் பார்க்காமல் முடிவெடுத்தால் நட்டம் முழுக் குடும்பத்துக்கும்தான். மகள் மின்னிணைப்பு வேலை பழகலாம். மகன் தாதியாகலாம், சமையல் கலைஞராகலாம்.

“தூரத்துக்குப் பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது?” என்ற பயம் நியாயமானது. அதற்காகப் பயிற்சியையே கைவிட வேண்டாம். பயிற்சி நிலையத்தை முதலில் நேரில் போய்ப் பாருங்கள். தங்குமிடமும் பஸ் நேரமும் விசாரியுங்கள். பக்கத்து லயத்துப் பிள்ளைகளோடு சேர்த்து அனுப்புங்கள்.

செய்யக்கூடியவை

• தொழிற்பயிற்சி அதிகார சபையும் நைட்டா நிறுவனமும் நடத்தும் பயிற்சிகள் பற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.
• மேசன் வேலை, தையல், சமையல் போன்றவற்றை அனுபவத்தால் கற்றவர்கள், அந்த அனுபவத்தை மதிப்பிட்டுத் தரப்படும் தேசிய தொழிற்தகைமைச் (என்.வி.கியூ.) சான்றிதழ் பற்றி நைட்டாவில் விசாரிக்கலாம்.
• பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி பெறுங்கள். பயிற்சிக்கு விண்ணப்பிக்க அது தேவைப்படும்.
• வாழ்வாதார உதவிப் படிவத்தில் மனைவியின் தொழிலைக் கணவரே தீர்மானித்து எழுத வேண்டாம். பெண் என்றால் தையல் இயந்திரம்தான் என்று முடிவு கட்டாமல் அவரிடமே கேளுங்கள்.
• மனைவியோ மகளோ பயிற்சிக்குப் போனால் வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அவருக்குச் சுமை இரட்டிப்பாகும்.
• பெண் என்பதற்காக உரிமை மறுக்கப்பட்டால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை அழையுங்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நம் வீட்டில் காலை முதல் இரவு வரை யார் எந்த வேலையைச் செய்கிறோம்? ஓய்வு யாருக்குக் கிடைக்கிறது?
2. இடம்பெயர்ந்திருந்தபோது வழக்கத்துக்கு மாறாக யார் என்ன வேலை செய்தோம்? அதைத் தொழிலாக்க முடியுமா?
3. நம் பிள்ளைகள் என்னவாக விரும்புகிறார்கள்? அவர்களிடம் கேட்டோமா?