எழுத்தில் தந்த எண்ணைத் துல்லியப் பின்னமாக்குதல்

கொச்சியிலுள்ள வைட்டிலாவில் கேரள வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உவர்நீர் ஏறும் வயல்களில் விளையும் பொக்காளி நெல் அங்கு ஆராயப்படுகிறது. இத்தகைய நிலையமொன்றில் களப்பணியாளர் ஒருவர் 0.1 கிலோ வீதம் பத்துப் பொட்டலம் விதை வழங்கினார் என்று கொள்வோம். கணிப்பொறியில் வழக்கமான தசம எண்ணாக அவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டினால் 0.9999999999999999 என்று வரும். ஒரு கிலோ நிறைந்ததா என்று வினவினால், இல்லை என்பதே விடை. விதையும் குறையவில்லை, பணியாளரும் தவறவில்லை.

கணிப்பொறி இவ்வெண்களை இரண்டின் அடுக்குகளைக் கொண்டே சேமிக்கிறது. 1/3 தசமத்தில் முடிவுறாதது போல, பகுதியில் 5 என்னும் காரணியுடைய 1/10 இரண்டடி முறையில் முடிவுறாது. ஆகவே வெட்டிச் சீராக்கிய எண்ணே உள்ளே நிற்கிறது.

இதற்குப் பரிகாரம், எண்ணை எழுத்துத் தொடராகவே வாங்கிப் பின்னமாக்குவதாகும். "0.175" என்னும் தொடரைக் காண்க. புள்ளியை நீக்கினால் தொகுதி 175. புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள் இருத்தலின் பகுதி 1000. இரண்டையும் மீப்பெரு பொதுக் காரணியாகிய 25 ஆல் வகுக்க, 7/40 கிடைக்கும். பள்ளியில் கற்பிக்கும் முறையே இது, புதுமை ஏதுமில்லை.

பைத்தான் மொழியில், 2008 இல் வெளிவந்த 2.6 ஆம் பதிப்பு முதல் இதற்கென 'பிராக்ஷன்' என்னும் வகை உண்டு. அதனிடம் 0.1 என்பதை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் 1/10 வரும். குறியின்றிக் கொடுத்தாலோ, எண் முன்னரே இரண்டடி முறைக்கு மாறிவிடுவதால், 3602879701896397/36028797018963968 என்று வரும். மாணவர் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

"7/40" என்று எழுதினும் அவ்வகை ஏற்கும்; தமிழ் இலக்கங்களால் "௧/௪" என்று எழுதினும் ஏற்கும். "1 1/2" என்னும் கலப்புப் பின்னத்தை ஏற்காது. இடைவெளியில் பிரித்து, இரு பகுதிகளையும் தனித்தனியே மாற்றிக் கூட்டுதல் வேண்டும். பகுதி சுழியமாயின் பிழை எனத் தெரிவிக்கும்.

குறிப்பேட்டிலேயே நேர்ந்த இழப்பை எம்மொழியும் மீட்காது. பொக்காளி அறுவடைக்குப் பின் அவ்வயல்களில் இறால் வளர்ப்பர். 300 கிலோ இறாலை மூவர் சமமாகப் பங்கிடுகையில், பங்கை 1/3 என்னாது 0.33 என்று எழுதினால், அது 33/100 என்றே துல்லியமாகப் படிக்கப்படும். ஒவ்வொருவர்க்கும் 99 கிலோ. உரியவர் இல்லாமல் எஞ்சுவது 3 கிலோ.