பழைய இரும்பு சைக்கிளைச் சரளைப் பாதைக்குத் தயாராக்க...

சங்கரன்கோவிலைச் சுற்றி வேலைக்கும் வயலுக்கும் போய்வர, வீட்டில் துருவேறி நிற்கும் 28 இஞ்ச் சைக்கிளே போதும்.

1. முதலில் பெடல் அச்சுப் பக்கத்தையும் முன் ஃபோர்க்கையும் உப்புத்தாளால் தேயுங்கள். மேல்துரு என்றால் பெயிண்ட் போதும். ஃபோர்க்கில் விரிசல் தெரிந்தால் பற்றவைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். ஓட்டத்தில் முறிந்தால் முகம் தரையில்தான்.

2. 28 x 1½ அளவில் ஆழமான பட்டன் உள்ள டயர் கேளுங்கள். 26 இஞ்ச் டயர் இந்த ரிம்மில் உட்காராது.

3. காற்றைக் கல்லாக அடிக்காதீர்கள். கட்டைவிரலுக்குச் சற்றே அமுங்கினால் சரளையில் துள்ளாது. மிகவும் குறைத்தால் டியூப் ரிம்மில் கடிபடும்.

4. பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் டியூபுக்கும் நடுவே பட்டையாக வையுங்கள். சீமைக் கருவேல முள் அவ்வளவு எளிதில் இறங்காது. பஞ்சர் ஆனால், டயரின் உட்புறம் துணியால் துடையுங்கள். முறிந்து நிற்கும் முள்முனை துணியில் மாட்டும். அதை எடுக்காமல் ஒட்டினால் அடுத்த தெருவிலேயே மறுபடி பஞ்சர்.

5. 18 பல் ஃப்ரீவீலுக்குப் பதில் 20 அல்லது 22 பல் போடுங்கள். சுமையோடு மேடேற மிதி லேசாகும். செயினில் கண்ணி கூட்ட வேண்டிவரும்.

6. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரேக்கை முன்கூட்டியே பிடியுங்கள். நனைந்த இரும்பு ரிம்மில் கட்டை வழுக்கும்.

7. கேரியரின் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், முன்னால் லைட் கட்டாயம். ராஜபாளையம் சாலையில் இருட்டிய பின் இவை இல்லாமல் ஏறாதீர்கள்.