வானூர்திப் புள்ளியும் வட்டிக் கணக்கும்

நம் கல்லூரியை விட்டு நீங்கி ஓர் அலுவலில் அமரும் இளைஞர்க்கு முதற்சம்பளம் வருமுன்னரே ஒரு பாங்கின் முகவர் வந்துவிடுவார். “இக்கார்டைக் கொண்டு பொருள் வாங்கினாற் போதும், சிங்கப்பூருக்கு இலவசமாகப் பறக்கலாம்” என்பது அவர் கூறும் நயவுரை. தமிழ் ஆனர்சு வகுப்பில் இலக்கணம் பயிலும் யான் இப்பொருள்பற்றி எழுதப் புகுந்தது கண்டு நண்பர் சிலர் நகைக்கலாம். அதற்குக் காரணம் சென்ற விடுமுறையில் எம் இல்லத்தில் யான் படிக்க நேர்ந்த நான்கு பக்கக் கணக்குத் தாளேயாம்.

எம் ஊர் சின்னசேலம் வட்டத்தைச் சார்ந்த நைனார்பாளையம். வடக்கே நோக்கின் கல்வராயன் மலை நீலக்கோடாய்த் தோன்றும். சுற்றிலும் மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிராகும். எம் வட்டாரத்து இளைஞர் பலர் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கின்றனர். என் தமையனாரும் அவருள் ஒருவர். ஆதலின் விமானச் சீட்டின் விலை எம்மவர்க்கு ஆடம்பரப் பேச்சன்று. ஆண்டுக்கொரு முறை மகன் முகங் காண்பதா, ஈராண்டுக்கொரு முறை காண்பதா என்பதனை முடிவு செய்வது அதுவே.

கடனட்டையின் இயல்பை முதற்கண் காண்போம். நாம் பொருள் வாங்கும்போது பாங்கு நமக்காகக் கடைக்காரர்க்குப் பணங் கொடுக்கிறது. பின்னர்த் திங்களுக்கொரு முறை கணக்கு அனுப்புகிறது. குறித்த நாளுக்குள் முழுத்தொகையையும் செலுத்திவிடின் வட்டி இல்லை. வாங்கிய நாளைப் பொறுத்து ஏறத்தாழ 45 அல்லது 50 நாள் வரை பிறர் பணம் நம் கையில் இருந்ததாகும். இம்முறை அமெரிக்காவில் 1950இல் டைனர்ஸ் கிளப் என்னும் அட்டையாற் பரவத் தொடங்கியது. நம் நாட்டில் சென்ட்ரல் பாங்கு 1980இல் கடனட்டை வழங்கியது. விமானக் கம்பெனிகள் அடிக்கடி பறப்போர்க்கு மைல் கணக்கில் புள்ளி அளிக்கும் வழக்கமோ வேறொரு வாய்க்கால். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதனைப் பெருந்திட்டமாக்கியது. பின்னர் அக்கம்பெனிகள் தம் மைல்களைப் பாங்குகளுக்கு விலைக்கு விற்கத் தலைப்பட்டன. அங்ஙனம் இரு வாய்க்காலும் கலந்த இடத்திற் பிறந்ததே நாம் பேசும் அட்டை.

விற்கப்படும் மைலுக்கு விலை கொடுப்பவர் யாவர்? கடைக்காரர் ஒவ்வொரு விற்பனையிலும் பாங்குக்குச் செலுத்தும் சிறு கழிவு ஒரு பங்கு. அட்டைக்குரிய ஆண்டுக் கட்டணம் மற்றொரு பங்கு. கணக்கை முழுதும் தீர்க்காதார் கட்டும் வட்டியும் பெரியதொரு பங்காகும். அஃதாவது, கட்டத் தவறியவன் பணத்திலும் ஒரு பகுதி கொண்டே கட்டத் தவறாதவன் பறக்கிறான். இவ்வுண்மையை முகவர் எவரும் கூறார்.

எந்தையார் அதனைத் தம் கைப்பொருள் இழந்து அறிந்தார். தமையனார் அனுப்பும் தொகை மாதந்தோறும் கணக்கில் வருதல் கண்ட ஒரு பாங்கின் முகவர், “மகன் வரும் சீட்டுக்குப் புள்ளி சேருமே” என்று சொல்லி ஓர் அட்டையை அவர் கையில் வைத்தார். கிணற்று மோட்டார் பழுதானபோது புதிய மோட்டாரும் குழாயும் அதனைக் கொண்டே வாங்கினார், விலை ₹60,000. நூறு ரூபாய்க்கு இரண்டு புள்ளி வீதம் 1,200 புள்ளி சேர்ந்தது. ஒரு புள்ளியை ஒரு ரூபாயாகவே மதித்தாலும் பயன் ₹1,200.

கணக்குத் தாள் வந்தது. அதன் தலைப்பில் இரண்டு தொகைகள் அச்சிடப்பட்டிருந்தன. ஒன்று மொத்தத் தொகை, மற்றொன்று ‘மினிமம் டியூ’ எனப்படும் குறைந்த அளவுத் தொகை. கூட்டுறவுச் சங்கத்தில் தவணை கட்டிப் பழகிய எந்தையார் இரண்டாவதைத் தவணையென்றே கொண்டார். திங்கள்தோறும் நாள் தவறாது ₹3,000 செலுத்தி வந்தார். வட்டியோ திங்களுக்கு நூற்றுக்கு 3.6, அவ்வட்டியின்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி. இரண்டும் கூடி நூற்றுக்கு 4¼ ரூபாய்க்குச் சற்றே குறையும். முதல் திங்களில் வட்டியும் வரியுமாக ₹2,549 போக, முதலிற் குறைந்தது ₹451 மட்டுமே. வட்டி ஓடத் தொடங்கிய ஐந்து திங்களில் அவர் செலுத்தியது ₹15,000. முதலிற் கழிந்தது ₹2,500க்கும் குறைவு. வட்டிக்கும் வரிக்கும் போயது ஏறத்தாழ ₹12,500. தக்க காலம் பார்த்து வாங்கியிருப்பின், தமையனார் திருச்சி வந்திறங்க ஒருவழிச் சீட்டை அத்தொகைக்கே வாங்கியிருத்தல் கூடும்.

யான் விடுமுறைக்குச் சென்றபோது, “நீ படித்தவனாயிற்றே, இதில் என்ன எழுதியிருக்கிறது பார்” என்று அத்தாள்களை என்முன் இட்டார். பழைய நூல்களுக்கு உரை காணும் பயிற்சி எனக்கு அன்று ஒருவாறு உதவியது என்னலாம். மூலம் பெரிய எழுத்தில் இருந்தது. உரை நான்காம் பக்கத்தில் எறும்பெழுத்தில் இருந்தது. குறைந்த அளவு மட்டும் செலுத்தினால் தாமதக் கட்டணம் இல்லை என்பதே அன்றி வட்டி இல்லை என்பது அன்று. மேலும், நிலுவை ஒரு ரூபாய் நிற்கினும் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய நாள் தொட்டே வட்டி ஏறும். அட்டையைக் கொண்டு இயந்திரத்திற் பணம் எடுத்தாலோ அன்றே வட்டியும் கட்டணமும் உண்டு, புள்ளி இல்லை. இவ்வளவும் அங்கு எழுதித்தான் இருந்தது. பாங்கு பொய் கூறிற்று என்று சொல்ல எனக்கு வழியில்லை. அதுவே எனக்கு மிகுந்த சினத்தை மூட்டியது.

அவ்வட்டிக்கு ஒரு வரம்பு இல்லையோ எனின், முன்னர் ஒன்று இருந்தது. தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008இல் ஆண்டுக்கு நூற்றுக்கு 30க்கு மேற்பட்ட வட்டி முறையன்று எனத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. ரிசர்வ் பாங்கு 2022இல் வெளியிட்ட நெறிமுறைகளில் நமக்குத் துணையாவன சில உள. கேளாதவனுக்கு அட்டை வழங்கலாகாது. மூடுமாறு எழுதிக் கேட்டு, நிலுவை ஏதுமில்லையாயின், ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ₹500 அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பன அவை.

அன்னையார் தம் சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஈடு வைத்தார். அங்கு வட்டி இதன் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்தொகையைக் கொண்டு அட்டை நிலுவை முழுவதையும் ஒரே நாளில் தீர்த்தோம். சங்கிலியைத் தமையனார் பின்னர் மீட்டார்.

இங்ஙனமாயின் இவ்வட்டை முற்றும் விலக்கத்தக்கதோ? அன்று. திங்கள்தோறும் முழுத்தொகையையும் தீர்க்கும் வன்மையும் வழக்கமும் உடையார்க்கு இது பயன் தருவதே. அவர்தாமும் அட்டையைத் தெரிந்தெடுக்குமுன் சில கணக்குகள் போட்டுப் பார்த்தல் வேண்டும். ஆண்டுக் கட்டணம் ₹5,000 என்று கொள்வோம். வரியொடு ₹5,900 ஆகும். நூற்றுக்கு இரண்டு ரூபாய்ப் பயன் தரும் அட்டையில் இக்கட்டணத்தை மீட்கவே ஆண்டுக்கு ₹2,95,000 செலவிடல் வேண்டும். அதன் பின்னரே ஊதியம். எம் ஊரில் அவ்வளவு தொகையை அட்டையிற் செலவிடும் குடும்பம் அரிது. சென்னையில் இருவர் சம்பாதிக்கும் இல்லத்திற்கு அஃது எளிதாகலாம்.

செலவு அனைத்திற்கும் புள்ளி உண்டு என்பதும் பிழை. எரிபொருள், வீட்டு வாடகை, அரசாங்கத்துக்குச் செலுத்தும் வரி, பொன் ஆகியவற்றுக்குப் பல அட்டைகள் புள்ளி அளிப்பதில்லை. எம் ஊர் மளிகைக் கடையில் அட்டை தேய்க்கும் இயந்திரம் இல்லை; யு.பி.ஐ. குறியீட்டுத் தாள் மட்டும் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. அதனோடு கடனட்டையை இணைக்க ரிசர்வ் பாங்கு 2022இல் இசைந்தபோது ரூபே அட்டைகளுக்கே முதலில் வழி திறந்தது. அதுவும் வணிகர் கணக்குக்கே செல்லும். தனியாள் கணக்குக்குச் செல்லாது. விமானப் புள்ளி தரும் உயர்ந்த அட்டைகளிற் பல வேறு வகையின. எனவே, நகரத்தார் புகழும் அட்டை நைனார்பாளையத்துக் கடைத்தெருவில் வெறும் தகடாய்க் கிடத்தலும் கூடும்.

இனி எந்த விமானம் என்பது. எமக்கு அண்மையில் உள்ளவை இரண்டு நிலையங்கள். சேலத்திற்கு அருகே காமலாபுரத்தில் 2023 அக்டோபரில் விமானங்கள் மீண்டும் வரத் தொடங்கின; அவை உள்நாட்டுக்குரியன. சிங்கப்பூர் செல்வார்க்குத் திருச்சியே வாயில். அங்கிருந்து பறப்பது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அன்று. அதன் சேய் நிறுவனமாகிய ஸ்கூட். தாய் நிறுவனத்தின் கிரிஸ்ஃபிளையர் மைல்களை ஸ்கூட்டில் செல்லும் பற்றுச்சீட்டாக மாற்றலாம் எனினும், தாய் நிறுவன இருக்கைக்குக் கிடைக்கும் மதிப்பு அதில் இராது. முகவர் காட்டும் படத்தில் உள்ள விமானம் நம் நிலையத்தில் இறங்குவதோ என்று முதலில் வினவுக. மேலும், இலவசச் சீட்டு என்பதும் முழு இலவசம் அன்று. நிலைய வரியும் பிற கட்டணமும் நாமே செலுத்துதல் வேண்டும்.

புள்ளியைப் பொன்போற் பூட்டி வைப்பாரும் உளர். அவர் கிங்ஃபிஷரை நினைவிற் கொள்வாராக. அக்கம்பெனி 2012 அக்டோபரில் பறத்தலை நிறுத்தியது. அதன் விமானத்திற் பறக்கச் சேர்த்த மைல்கள் சேர்த்தவர் கையிலேயே வறண்டன. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ஆம் நாள் நின்றது. அதன் மைல் திட்டம் வேறு நிறுவனமாய் இருந்தமையால் பெயர் மாறி உயிர் பிழைத்தது; ஆனால் எந்த விமானத்திற்காகச் சேர்த்தனரோ அவ்விமானம் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12ஆம் நாள் ஏர் இந்தியாவொடு கலந்தது. அதன் புள்ளிகள் ஏர் இந்தியாத் திட்டத்துக்கு மாறின. அதன் பெயர் தாங்கிய கடனட்டைகளின் சலுகைகள் 2025இல் ஒவ்வொன்றாய் விலகின. விமானம் நில்லாமற் பறந்துகொண்டிருக்கும்போதும், இத்துணை மைலுக்கு ஓர் இருக்கை என்னும் வீதத்தை உயர்த்தும் உரிமை கம்பெனியின் கையதே. சேர்த்த புள்ளியை ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் செலவிடுதலே தக்கது என்பது என் கருத்து. ஒரே கம்பெனியின் பெயர் தாங்கிய அட்டையினும், பல கம்பெனிகளுக்கு மாற்றத்தக்க பொதுப் புள்ளி தரும் அட்டை இவ்வகையில் ஏற்றமுடையது.

எந்தையார் அட்டையை வெட்டி எறிந்திருப்பார் என்று கருதுவீர், எறியவில்லை. கட்டணமற்ற வேறோர் அட்டையாக மாற்றித் தருமாறு பாங்குக்கு எழுதச் சொன்னார், யான் எழுதினேன், மாற்றித் தந்தனர். இப்பொழுது அதில் தமையனாரின் சீட்டு ஒன்று மட்டுமே வாங்கப்படும். அதற்குரிய பணம் கணக்கில் வந்த பின்னரே வாங்கப்படும். கணக்குத் தாள் வந்த அன்றே தீர்க்கப்படும். பழைய 1,200 புள்ளிக்கு எந்த விமானத்திலும் இருக்கை கிடைக்கவில்லை. ஒரு கைப்பெட்டிக்கு மட்டும் அவை போதியனவாய் இருந்தன. அப்பெட்டியைத்தான் யான் இப்பொழுது விடுதி அறையில் வைத்திருக்கிறேன்.