நூலகத்தில் விழா வருது, நாமும் போவோமா?



முன்னுரை

நவம்பர் 14 என்றதும் எல்லோருக்கும் குழந்தைகள் தினம் ஞாபகம் வரும். மிட்டாய் ஞாபகம் வரும். அதே நாளில் இன்னொரு விழாவும் தொடங்குகிறது. அதுதான் தேசிய நூலக வார விழா. நவம்பர் 14 முதல் 20 வரை ஏழு நாட்கள் இந்தியா முழுவதும் நூலகங்களில் இதைக் கொண்டாடுகிறார்கள்.

நம்ம கந்தர்வக்கோட்டையிலும் கிளை நூலகம் இருக்கிறது. கந்தர்வக்கோட்டைக்குக் கடைக்கும், ஆஸ்பத்திரிக்கும், பஸ் பிடிக்கவும் நாம் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். நூலகத்துக்குள் போனவங்க கை தூக்குங்க என்று எங்கள் வகுப்பில் கேட்டேன். தூக்கிய கைகளில் பெரும்பாலும் பசங்க கைதான். ஏன் அப்படி? இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நூலகம் எப்படி வந்தது, அங்கே என்னென்ன விழாக்கள் வரும், அதை நாம் எப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பார்ப்போம்.

நூலகம் யாருடையது?

அரசாங்கம் சும்மா கொடுத்தது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். வீட்டில் பஞ்சாயத்து வீட்டு வரி ரசீது இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் 'நூலக வரி' என்று தனியாக ஒரு வரி இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. ஒரு கணக்குப் போடுவோம்.

வீட்டு வரி 200 ரூபாய் என்றால்,
நூலக வரி = 200 × 10 பைசா = 2000 பைசா = 20 ரூபாய்.

பஞ்சாயத்து வசூலிக்கும் இந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேருகிறது. புத்தகம் வாங்க, பேப்பர் வாங்க, கட்டடம் பார்க்க இந்தப் பணம் உதவுகிறது. அப்படியானால் நூலகத்தில் இருக்கும் புத்தகத்துக்கு நம்ம அப்பா, தாத்தா ஏற்கெனவே காசு கட்டியாச்சு! படிக்காமல் விட்டால் நமக்குத்தான் நஷ்டம்.

இந்த ஏற்பாடு 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தால் வந்தது. நாடு சுதந்திரம் அடைந்த மறு வருடமே இந்தச் சட்டம் வந்துவிட்டது. சுதந்திர இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் இதுதான். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று இன்று பல வகை இருக்கின்றன. கந்தர்வக்கோட்டையில் இருப்பது கிளை நூலகம்.

கணக்கு வாத்தியார் நூலகர் ஆனார்

இந்தச் சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் முதலில் கணக்கு ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். முதலில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லையாம். ஆள் வராத இடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பது சலிப்பாக இருந்ததாம். திரும்பவும் பாடம் நடத்தவே போகிறேன் என்று கேட்டாராம். பிறகு லண்டன் போய் அங்குள்ள நூலகங்களைப் பார்த்தார். அங்கே தொழிலாளிகள், பெண்கள், குழந்தைகள் எல்லோரும் நூலகத்துக்கு வருவதைப் பார்த்ததும் அவர் மனம் மாறிவிட்டது. கடைசி வரை நூலகத்துக்காகவே உழைத்தார். 1972-ல் காலமானார்.

நூலகத்துக்கு ஐந்து விதிகளை அவர் 1931-ல் ஒரு நூலாக எழுதினார். அதை நம்ம பாஷையில் சொல்கிறேன்.

1. புத்தகம் பூட்டி வைக்க இல்லை, எடுத்துப் படிக்க.
2. ஒவ்வொருத்தருக்கும் ஏற்ற புத்தகம் கிடைக்கணும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் உண்டு, ஆடு மேய்க்கிற தாத்தாவுக்கும் உண்டு.
3. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதைப் படிக்க ஒரு ஆள் இருக்கார். அந்த ஆளிடம் புத்தகத்தைச் சேர்க்கணும்.
4. படிக்க வருகிறவர் நேரத்தை வீணாக்கக் கூடாது. தேடினால் சீக்கிரம் கிடைக்கிற மாதிரி அடுக்கணும்.
5. நூலகம் உயிருள்ளது மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கணும்.

இரண்டாவது விதியை நன்றாகப் பாருங்கள். 'ஒவ்வொருத்தருக்கும்' என்றால் அதில் பொம்பளைப் பிள்ளைகளும் அடக்கம்தானே?

உங்களுக்குத் தெரியுமா?

ரங்கநாதன் காலத்திலேயே நூலகம் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போயிருக்கிறது! தஞ்சாவூரைத் தாண்டி மன்னார்குடி இருக்கிறது அல்லவா? அதன் பக்கத்தில் மேலவாசல் என்ற ஊர். அங்கே 1931 அக்டோபர் 21-ல் கனகசபைப் பிள்ளை என்பவர் முயற்சியால் மாட்டு வண்டி நூலகம் தொடங்கப்பட்டது. வர முடியாதவர்களைத் தேடிப் புத்தகமே போனது.

நம்ம மாவட்டத்தின் பெருமை

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தது. மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்து தெரியாத பெரியவர்களுக்கு ராத்திரி நேரத்தில் தொண்டர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். கூடவே பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். படிக்கிறதுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். யாரையும் எதிர்பார்க்காமல் ஒரு இடத்துக்குப் போய்வர முடிந்தால்தான் படிப்பும் வேலையும் கைக்கு வரும். 1992 மகளிர் தினத்தின்போது 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். இது வெளியூர்ப் பத்திரிகைகளிலும் எழுதப்பட்டது.

எங்கள் அப்பாயியும் அறிவொளியில் படித்தவங்கதான். அதுக்கு முன்னாடி கைநாட்டு. அப்புறம் பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு வந்துட்டாங்க. "புஸ்தகம் முடிஞ்சது, வாத்தியாரு வர்றதும் நின்னுச்சு. அதுக்கப்புறம் படிக்க கையில ஒண்ணும் இல்ல. எழுத்தெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மறந்துபோச்சு" என்று சொல்லுவாங்க. இப்போது கையெழுத்து மட்டும் போடுவாங்க. இதிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. கற்றுக்கொண்டது நிலைக்கணும் என்றால் தொடர்ந்து படிக்கப் புத்தகம் வேண்டும். அதைத் தருகிற இடம்தான் நூலகம்.

தன் முயற்சியால் நூலகம் உண்டாக்கியவர்களும் நம்ம மாவட்டத்தில் உண்டு. புதுக்கோட்டையில் ஞானாலயா என்ற தனியார் நூலகம் இருக்கிறது. ஆசிரியப் பணியில் இருந்த பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் சேர்த்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் புத்தகங்கள் அங்கே உள்ளன.

வரப்போகும் நிகழ்ச்சிகள்

நூலகங்களில் வருடம் முழுவதும் சில நாட்களில் நிகழ்ச்சி வைப்பார்கள். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

★ நவம்பர் 14 - 20: தேசிய நூலக வார விழா. 1919 நவம்பர் 14-ல் சென்னையில் அகில இந்தியப் பொது நூலக மாநாடு நடந்தது. அதன் நினைவாக இந்த நாள். 1968 முதல் வார விழாவாகக் கொண்டாடுகிறார்கள். புத்தகக் கண்காட்சி, பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி, வினாடி வினா, கதை சொல்லுதல், புதிய உறுப்பினர் சேர்த்தல் எல்லாம் இந்த வாரத்தில் நடக்கும். வருடத்தின் பெரிய விழா இதுதான்.

★ பிப்ரவரி 21: உலகத் தாய்மொழி நாள்.

★ மார்ச் 8: மகளிர் தினம்.

★ ஏப்ரல் 23: உலகப் புத்தக தினம். யுனெஸ்கோ 1995-ல் அறிவித்தது. ஆங்கில நாடக ஆசிரியர் ஷேக்ஸ்பியர் இறந்த நாள்.

★ மே மாதம்: கோடை விடுமுறை முகாம். கதை, ஓவியம், கைவேலை கற்றுத்தருவார்கள். ஆனால் இந்த இரண்டு மாதமும் நமக்கு முந்திரிக்கொட்டை பொறுக்கும் காலம். காட்டுக்குப் போகிற பிள்ளைகள் முகாமுக்குப் போக முடியாது. அதனால்தான் நவம்பரை விடக்கூடாது என்கிறேன்.

★ ஆகஸ்ட் 12: நூலகர் தினம். ரங்கநாதன் பிறந்த நாளாகக் கொண்டாடுவது.

★ செப்டம்பர் 8: உலக எழுத்தறிவு தினம். 1967 முதல் கொண்டாடப்படுகிறது.

★ அக்டோபர் 15: அப்துல் கலாம் பிறந்த நாள்.

எந்த நிகழ்ச்சி எந்த நாளில், எத்தனை மணிக்கு என்பதை நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதுவார்கள். வாசகர் வட்டம் என்று ஒரு குழுவும் நூலகங்களில் உண்டு. புத்தகம் படித்தவர்கள் கூடிப் பேசுவது அவர்கள் வேலை.

விழா நமக்கு எதுக்கு?

பசங்களுக்கு நூலகம் போக விழா தேவையில்லை. சாயங்காலம் சைக்கிளை எடுத்தால் போயிடலாம். நமக்கு அப்படியா? "நூலகத்துக்குப் போறேன்" என்று சொன்னால், "அங்க உனக்கென்ன வேலை? பாடப் புத்தகம் படி போதும்" என்பார்கள். தண்ணி எடுக்கணும், தம்பியைப் பார்க்கணும், இருட்டுறதுக்குள் வரணும். அரசு தருகிற சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் கிடைக்கும். அது வரைக்கும் காத்திருக்கணுமா?

வீட்டில் தடுக்கிறவர்களைக் கெட்டவங்க என்று சொல்ல மாட்டேன். எங்கே போகுது, யாரோட போகுது, எப்ப வரும் என்று தெரியாததால் பயப்படுகிறார்கள். விழா என்றால் இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிறது. இடம் தெரியும், டீச்சர் கூட வருவாங்க, முடிகிற நேரம் தெரியும். போட்டி, பரிசு என்றால் அப்பாவே அனுப்பி வைப்பார். அதனால் விழா என்பது நமக்குத் திறக்கிற கதவு.

ஆனால் ஒன்று. போட்டியில் கலந்து, சான்றிதழ் வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் அந்தக் கதவு அன்றைக்கே மூடிக்கொள்ளும். அடுத்த விழா வரைக்கும் திறக்காது. அறிவொளி முடிந்ததும் அப்பாயிக்கு ஆன மாதிரி ஆகிவிடும். கதவு மூடாமல் இருக்க ஒரே வழி உறுப்பினர் அட்டை. பரிசு ஒருத்திக்குத்தான் கிடைக்கும். அட்டை கேட்டால் எல்லோருக்கும் கிடைக்கும்.

அன்றைக்கு நாம் செய்ய வேண்டியவை

1. போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே உறுப்பினர் படிவமும் கேளுங்கள். காப்புத்தொகையும் சந்தாவும் எவ்வளவு என்று நூலகரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய தொகைதான்.
2. படிவத்தை வீட்டில் காட்டி, கையெழுத்து வாங்கி, ஆசிரியரிடம் கொடுங்கள்.
3. ஒரே ஊரிலிருந்து வரும் நாலு பேர் சேர்ந்து உறுப்பினர் ஆகுங்கள். முறை வைத்து ஒவ்வொரு தடவை இரண்டு பேர் போய் எல்லோர் புத்தகத்தையும் மாற்றி வரலாம். துணையும் ஆச்சு.
4. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதைப் பயன்படுத்துங்கள்.
5. கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு காலை நமக்கு வசதி.
6. எடுத்த புத்தகத்தைக் கிழிக்காமல், குறித்த நாளுக்குள் திருப்பிக் கொடுங்கள். நமக்கு அடுத்து ஒருத்தி காத்திருப்பாள்.

ஒரு வேண்டுகோள்

ஆசிரியப் பெருமக்களே! நூலக வாரத்தில் ஒரு நாள் எங்களை வரிசையாக அழைத்துப் போங்கள். பேச்சில் நல்லா வருகிற இரண்டு பேரை மட்டும் அழைத்துப் போகாமல் வாயே திறக்காத பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். தோழர்களே, உங்களுக்கும் ஒன்று. ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவர்கள் உங்கள் அக்கா, தங்கச்சிக்கும் ஒரு புத்தகம் கொண்டுவாங்க.

முடிவுரை

மாட்டு வண்டியில் புத்தகம் போன காலம் 1931. சைக்கிளில் பெண்கள் போன காலம் 1992. அவங்க வந்த தூரத்தைப் பார்த்தால் நாம் போக வேண்டிய தூரம் ஒரு டவுன் பஸ் தூரம்தான். நவம்பர் 14 அன்று மிட்டாய் சாப்பிடுவோம். அந்த வாரம் முடிவதற்குள் நம்ம பள்ளியிலிருந்து எத்தனை உறுப்பினர் படிவம் போனது என்று இதே பலகையில் அடுத்த மாதம் எழுதுகிறேன். அதில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.

சிந்தித்து விடை சொல்லுங்கள்!

1. வீட்டு வரி 350 ரூபாய் என்றால் நூலக வரி எவ்வளவு?
2. பொது நூலகச் சட்டம் வந்த ஆண்டு எது?
3. மாட்டு வண்டி நூலகம் எந்த ஊரில் தொடங்கியது?
4. ரங்கநாதன் நூலகர் ஆவதற்கு முன் என்ன பாடம் நடத்தினார்?
5. உங்கள் வீட்டில் நூலக உறுப்பினர் எத்தனை பேர்?

(முதல் நான்குக்கும் விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. ஐந்தாவதை உங்கள் வீட்டில் கேளுங்கள்.)



இப்படிக்கு,
மாணவி,
ஊராட்சி ஒன்றியப் பள்ளி.