சூரிய மின்கலம்: தகட்டில் உள்ள எண்ணும் நம் ஊர் வெயிலும்



இந்த மாதப் பாடம் சூரிய மின்கலம். தைப்பிங்கில் இப்போது வீட்டு வாசலுக்கே சோலார் ஏஜெண்டு வருகிறார். வந்ததும் அவர் சொல்வது ஓர் எண்: “எங்க பேனல் 22 விழுக்காடு!” உடனே அப்பாவும் அம்மாவும் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். “நீ படிச்ச பிள்ளதானே, என்னன்னு கேளு” என்பார்கள். ஆயிரக்கணக்கான ரிங்கிட் போகிற விஷயம். கோயில் மண்டபக் கூரையில் போட நினைக்கும் நிர்வாகத்தினருக்கும் இதே குழப்பம்தான். நான் வயரிங் வேலை செய்கிறவன் என்பதால் என்னிடமும் பலர் கேட்கிறார்கள். அந்த எண் எப்படி வருகிறது, நம் கூரையில் அது என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

1. வெயில் எப்படிக் கரண்டாகிறது?

சிலிக்கான் ஒரு குறைகடத்தி. அதன் ஒரு பக்கத்தில் சிறிதளவு பாஸ்பரஸும் மறுபக்கத்தில் போரானும் கலக்கிறார்கள். இரண்டு பக்கமும் சேரும் இடத்தில் ஒரு மின்புலம் உண்டாகும். வெயில் பட்டதும் சிலிக்கானுக்குள் எலெக்ட்ரான்கள் விடுபடும். மின்புலம் அவற்றை ஒரே பக்கமாகத் தள்ளும். அவை கம்பி வழியே ஓடினால் அதுதான் கரண்டு.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிலிக்கான் கலத்தைச் செய்து காட்டியபோது, விழுந்த வெயிலில் ஏறக்குறைய 6 விழுக்காடுதான் மின்சாரமானது. இன்று கூரைக்கு வரும் நல்ல தகடுகள் 21 முதல் 23 விழுக்காடு தருகின்றன. வெயில் அதே வெயில்தான். ஓட்டைப் பானையில் ஒவ்வோர் ஓட்டையாக அடைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

2. நான்கு ஓட்டைகள்

முதலாவது, பிரதிபலிப்பு. மெருகிட்ட சிலிக்கான் கண்ணாடி மாதிரி மின்னும். விழும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். இதைத் தடுக்க, மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கூம்புகளாக அரித்து, மேலே மெல்லிய பூச்சு ஒன்றைப் பூசுகிறார்கள். தகட்டின் கருநீலம் அந்தப் பூச்சால் வருவது.

இரண்டாவது, நிழல். கரண்டைச் சேகரிக்க முன்பக்கத்தில் ஓடும் உலோகக் கோடுகளே வெயிலை மறைக்கும். எல்லாக் கோடுகளையும் பின்பக்கம் கொண்டுபோனால் என்ன? அப்படிச் செய்து காட்டிய நிறுவனம் சன்பவர். 2010இல் அது மலாக்காவில் இந்த வகைக் கலங்களைத் தயாரிக்கத் தொடங்கியது.

மூன்றாவது, விடுபட்ட எலெக்ட்ரான் கம்பியைச் சேருமுன்பே பின்பக்கத்தில் மாட்டித் தொலைந்துபோவது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் குழுவினர் அங்கே ஒரு காப்புப் படலம் இட்டு, 1989இல் 22.8 விழுக்காட்டைத் தொட்டார்கள். இதற்குப் பெயர் ‘பெர்க்’. அது ஊரெல்லாம் கூரையேற மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அடுத்து வந்த ‘டாப்கான்’ வகையில் ஓரிரு நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடு படலம் இந்தக் காவலை இன்னும் இறுக்குகிறது.

நான்காவது ஓட்டையை ஒரே பொருளால் அடைக்க முடியாது. வெயிலில் பல நிறங்கள் உண்டு. அகச்சிவப்பின் ஒரு பகுதி சிலிக்கானைப் பயன்படாமலே கடந்துவிடும். நீல ஒளியிலோ சக்தி அதிகம். தேவைக்கு மிஞ்சியது சூடாகப் போய்விடும். 1961இல் ஷாக்லி, குவைசர் என்ற இருவர் இதைக் கணக்கிட்டு, ஒரே பொருளால் ஆன கலத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று காட்டினார்கள். இன்றைய கணக்கில் அது ஏறக்குறைய 33 விழுக்காடு. சிலிக்கானுக்கு உச்சவரம்பு 29 சொச்சம்தான்.

அதனால் இப்போது சிலிக்கான் மேல் ‘பெரோவ்ஸ்கைட்’ என்ற இன்னொரு பொருளை அடுக்குகிறார்கள். மேல் அடுக்கு நீலத்தையும் கீழ் அடுக்கு சிவப்பையும் பிடிக்கும். 2024இல் சீனாவின் லோங்கி நிறுவனம் இப்படிச் செய்த கலம் 34.6 விழுக்காட்டை எட்டியது. ஆனால் பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரமும் சூடும் ஆகாது. புக்கிட் லாருட் அடிவாரத்தில், அடிக்கடி மழை கொட்டும் நம் ஊருக்கு இது சின்ன விஷயமா? “34 விழுக்காடு” என்று எங்காவது படித்தால், “எத்தனை வருஷம் தாங்கும்?” என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

3. நம் கூரைக் கணக்கு

தகட்டில் அச்சிட்ட எண்ணெல்லாம் கலத்தின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. நம் ஊர் மதிய வெயிலில் கூரைமேல் கலம் 60 டிகிரிக்குச் சாதாரணமாகப் போகும். சூடு ஏற ஏறத் திறன் இறங்கும்.

தகட்டின் விவரத்தாளில் ‘வெப்பக் குணகம்’ என்று ஒரு வரி இருக்கும். அது டிகிரிக்கு 0.35 விழுக்காடு குறையும் என்று சொன்னால், 35 டிகிரி ஏற்றத்துக்கு ஏறக்குறைய 12 விழுக்காடு போய்விடும். 400 வாட் தகடு 351 வாட்தான் தரும். அந்தக் குணகம் 0.26 என்றால் 364 வாட் கிடைக்கும். பத்துத் தகடு போட்டால் வித்தியாசம் ஏறக்குறைய 130 வாட். ஏஜெண்டு வாயே திறக்காத எண் இதுதான்!

இன்னொன்று. 22 விழுக்காடு ஆனாலும் 18 விழுக்காடு ஆனாலும் 400 வாட் என்றால் 400 வாட்தான். திறன் கூடினால் இடம் மிச்சமாகும். கூரை சின்னதாக உள்ள தெரெஸ் வீட்டுக்கு அது முக்கியம். விசாலமான மண்டபக் கூரைக்கு, விலை குறைந்த தகடே போதுமானதாக இருக்கலாம். மரநிழல் விழுகிறதா என்றும் பாருங்கள். ஒரு கலத்தில் விழும் நிழல், அதனுடன் வரிசையாக இணைந்த கலங்களையும் சேர்த்து இழுத்துவிடும்.

4. நமக்கு இதில் என்ன?

தைப்பிங்கிலிருந்து வடக்கே காரில் போனால் கூலிம். 2008 முதல் ஃபர்ஸ்ட் சோலார் அங்கே தகடு தயாரிக்கிறது. அதில் சிலிக்கானே கிடையாது. கண்ணாடி மேல் கேட்மியம் டெல்லுரைடு என்ற பொருளைச் சில மைக்ரான் தடிப்புக்குப் படியவைக்கிறார்கள். பழைய சிலிக்கான் வகைகளைவிட இது சூட்டில் குறைவாகத் தளரும்.

இப்படிப்பட்ட ஃபேக்டரிகளுக்கு நம் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறார்கள். நல்லது, மதிக்க வேண்டிய உழைப்பு. ஆனால் நம் தாத்தா பாட்டி காலத்தை நினைத்துப் பாருங்கள். பால் வெட்டியது நாம். அதை டயராக்கும் வித்தையை வைத்திருந்தது வேறு யாரோ. இந்தத் தொழிலிலும் அதே நிலை வரக்கூடாது. இயற்பியலையும் வேதியியலையும் “கஷ்டம்” என்று ஐந்தாம் படிவத்தோடு விட்டுவிடாதீர்கள். அறிவியல் மலேசியப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் பக்கத்தில் நிபோங் திபாலில்தான் இருக்கிறது. பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம் சூரிய சக்திக்கென்றே ஓர் ஆய்வுக்கழகம் வைத்திருக்கிறது. பாலிடெக்னிக் வழியும் உண்டு. ஈரத்தையும் சூட்டையும் தாங்கும் கலத்தைக் கண்டுபிடிக்க, அந்த ஈரத்திலும் சூட்டிலும் வளர்ந்த நம்மைவிடப் பொருத்தமானவர் யார்?

கலந்துரையாட:

1. உங்கள் வீட்டுக் கூரையில் மரநிழல் படாத இடம் எவ்வளவு? அளந்து வாருங்கள்.

2. வெப்பக் குணகம் 0.30 என்றால், 60 டிகிரியில் 400 வாட் தகடு எவ்வளவு தரும்?

3. ஏஜெண்டிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதி, அப்பா அம்மாவிடம் விளக்கிச் சொல்லுங்கள்.