கரும்புருவச் சிலம்பன்

போர்னியோத் தீவின் அடர்ந்த காடுகளில் வாழும் ஒரு சிறு பறவையைப் பற்றி இவ்விதழில் அறிவோம். நம் தோட்டங்களில் கூட்டமாய்த் திரியும் தவிட்டுக் குருவிக்கு இது தூரத்து உறவு. மேலே பழுப்பும் கீழே சாம்பலுமான நிறம்; கண்ணுக்கு மேல் அகன்ற கருங்கோடு. எனவே இதனைக் கரும்புருவச் சிலம்பன் எனலாம்.

அறிவியல் உலகம் இதனை அறிந்த வரலாறு வியப்புக்குரியது. 1840-களில் சுவானர் என்னும் ஜெர்மானிய நிலவியல் அறிஞர் இவ்வினத்துப் பறவை ஒன்றின் உடலைச் சேகரித்தார். நெப்போலியனின் தம்பி மகனும் பறவையியல் அறிஞருமான பொனபார்ட் 1850-இல் அதற்குப் பெயரிட்டார். அது ஜாவாவில் கிடைத்ததென்று தவறாகக் குறிக்கப்பட்டது. அக்காலத்தில் சுவானர் இருந்தது போர்னியோவிலேயே என்பதை 1895-இல் பூட்டிகோபர் என்னும் அறிஞர் சுட்டிக் காட்டினார். பாடம் செய்யப்பட்ட அவ்வுடல் நெதர்லாந்து நாட்டின் லெய்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன்பின் 170 ஆண்டுகளுக்கும் மேலாக, இப்பறவை உயிருடன் இருப்பதற்கு அறிஞர்களிடம் சான்று ஏதும் இல்லை.

2020 அக்டோபரில் தெற்குக் கலிமந்தான் காட்டில் வனப்பொருள் சேகரிக்கச் சென்ற உள்ளூரார் இருவர் தமக்குப் பழக்கமில்லாத பறவையொன்றைக் கண்டு பிடித்தனர். அதனைப் புகைப்படம் எடுத்து, மீண்டும் பறக்கவிட்டனர். படங்களை ஆராய்ந்த அறிஞர்கள், இது அப்பறவையே என்று 2021-இல் அறிவித்தனர்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அருங்காட்சியகத்து உடலில் பொருத்தப்பட்டிருந்தது மஞ்சள் நிறச் செயற்கைக் கண். உயிருள்ள பறவையின் கண்ணோ ஆழ்ந்த செந்நிறம்! அலகின் நிறமும் கால்களின் நிறமும் வேறுபட்டிருந்தன. உயிரற்ற உடல் நெடுங்காலம் உணர்த்தாத உண்மையைச் சில புகைப்படங்கள் உணர்த்திவிட்டன. கொல்லாமலும் அறிவு பெறலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எனினும் இப்பறவைக்கு இன்னல் தீர்ந்துவிடவில்லை. போர்னியோவின் தாழ்நிலக் காடுகள் மரத்துக்காகவும் செம்பனைத் தோட்டங்களுக்காகவும் பெருமளவில் அழிந்துள்ளன. பாடும் பறவைகளைப் பிடித்துக் கூண்டிலடைத்து விற்கும் வணிகமும் இந்தோனேசியாவில் பெருகியுள்ளது. இனிய குரலே அவற்றுக்குப் பகையாயிற்று!

பறவைகளை ஐம்பொறி உயிர்களாக வகுத்தது நம் சமயம். விற்பனைக்காகக் கொல்வதில்லையே என்று கூண்டுக்குச் சமாதானம் கூறலாகாது. உயிரைக் கட்டி வைப்பதும் இம்சையே. நம் நாட்டிலும் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கையில் அகப்பட்ட அரும்பொருளைப் பறக்கவிட்ட அவ்விருவரின் செயலை நம் இல்லத்துச் சிறார்க்கு எடுத்துரைப்போமாக.